வெயிலுக்குப் பழக்குதல்: நாற்று, எல்லை, சட்டம்

1

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் பிரியும் சாலைகளில் போகிறவர்கள் இரண்டு வகைக் கூரைகளைப் பார்க்கலாம். ஒன்று, 1970களில் சிப்காட் வந்த பிறகு பெருகிய தொழிற்கூடங்களின் தகரக் கூரை. மற்றது, நாற்றங்கால்களின் பச்சை நிழல்வலை. முதல் கூரைக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி நாம் ஓரளவு எழுதியிருக்கிறோம்: ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஷிப்ட் முறை, ஒரே அறையில் முறைவைத்துத் தூங்குகிறவர்கள். இரண்டாவது கூரையை நாம் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கே குழித்தட்டுகளில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, தக்காளியும் கோஸும் குடைமிளகாயும் நாற்றாகின்றன. இருபத்தைந்து, முப்பது நாளில் அவை வெளியே போகவேண்டும்.

போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, தட்டுகளை வலைக்கு வெளியே நகர்த்தி, முதல் நாள் கொஞ்ச நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று வெயிலில் வைக்கிறார்கள். வேளாண் கையேடுகள் இதைக் 'கடினப்படுத்துதல்' என்கின்றன. அங்கே வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரிடம் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "உள்ளயே வளந்த புள்ள மாதிரி தம்பி இது. நேரா கொண்டுபோய்க் காட்டுல நட்டா சுருண்டுக்கும். வெயிலுக்குப் பழக்கணும்" என்றார். கையேட்டுச் சொல் செடியைப் பொருளாகப் பார்க்கிறது, அவருடைய சொல் பிள்ளையாகப் பார்க்கிறது. இந்த வித்தியாசம் முக்கியமானதுதான். ஆனால் இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வேறொன்று. உள்ளே வளர்ந்ததை வெளியே கொண்டுபோகும் இதே செயல், நாற்று மாறினால் என்ன ஆகிறது?

தக்காளி என்றால் அது தொழில்நுட்பம். வங்கிக்கடன் உண்டு, மானியம் உண்டு, அரசு விழாவில் கண்காட்சி உண்டு. தட்டில் இருப்பது கஞ்சா நாற்று என்றால், பத்தாண்டு வரை கடுங்காவல். செயல் ஒன்றே. கையும் மண்ணும் வெயிலும் அதேதான். 'உள்ளே', 'வெளியே' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இரண்டு இடங்கள் செடிக்கு இயற்கை கொடுத்த இடங்கள் போலத் தோன்றுகின்றன. கஞ்சாவின் வரலாற்றைப் படித்தால் அப்படியில்லை என்று தெரிகிறது. எந்தச் செடி எப்போது எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பருவம் ஒரு பக்கமும் அரசு ஒரு பக்கமுமாகத் தீர்மானித்து வந்திருக்கின்றன. பருவத்தைக் கையாளும் அறிவு விவசாயியிடம் இருந்தது. அரசு அதை முதலில் அளந்தது, பிறகு வேலியிட்டது, கடைசியில் குற்றமாக்கியது. இன்று அதே அறிவு லைசென்ஸ் வாங்கியவர்களின் சொத்தாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

இதைச் சொல்வதால் கஞ்சாவுக்குக் கொடிபிடிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்து வரும் பதினெட்டு வயதுப் பையன் கையில் அது என்ன செய்கிறது என்பதை நானும் பார்த்திருக்கிறேன். பிரச்சினை அதைவிடச் சற்றுப் பெரிது.

2

கஞ்சா நாற்றை ஓரிடத்தில் வளர்த்து இன்னோரிடத்தில் நடும் வழக்கம் இந்தியத் துணைக்கண்டத்தில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது நம் பக்கத்தில் இல்லை, வங்கத்தில். ராஜ்ஷாஹி, தினாஜ்பூர், போக்ரா ஆகிய மூன்று மாவட்டங்கள் சந்திக்கும் இடத்தில் நவ்காவ் என்ற ஊரைச் சுற்றி இருந்த பகுதிக்குக் 'கஞ்சா மஹால்' என்றே பெயர். (இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது.) ஹேம் சந்தர் கெர் 1877இல் வங்க அரசுக்கு அளித்த அறிக்கையும், தாவரவியலாளர் டேவிட் பிரெய்ன் 1893இல் எழுதிய அறிக்கையும் அந்த விவசாயத்தை நுணுக்கமாக விவரிக்கின்றன.

மேட்டுநிலத்தில் நாற்றங்கால். ஆகஸ்ட் மாதத்தில் விதைப்பு. செப்டம்பரில், நாற்று ஓர் அடிக்குள் இருக்கும்போதே பிடுங்கி, வரப்புக் கட்டிய வயலில் நடவு. நவம்பரில் களையெடுப்பதுபோல் ஒரு தேர்வு. ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை. கேட்பதற்கு நெல் நாற்று நடுவதுபோலவே இருக்கிறது. ஆனால் ஏன் இந்தச் சுற்றுவழி? நேராக வயலில் விதைத்தால் என்ன? கஞ்சாச் செடி வேரில் தண்ணீர் தேங்குவதைப் பொறுக்காது. மழை ஓய்ந்து வயல் காயும்வரை காத்திருந்து விதைத்தால், பகல் குறுகத் தொடங்கிவிடும். இரவு நீண்டால் பூக்கும் இனம் இது. சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிட்டால் விளைச்சல் இல்லை. மழைக்கும் பனிக்கும் இடையே கிடைப்பது ஒரு குறுகிய காலம். அந்தக் காலத்தை நீட்டமுடியாது. ஆகவே செடியின் வயதை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். நாற்றங்கால் என்பது அப்படி வாங்கிவைத்த காலம்தான். நம் பக்கத்தில் மழை பிந்தும் வருஷங்களில் ராகியை நாற்றுவிட்டு நடுகிற விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை.

நவம்பர் மாதத் தேர்வைச் செய்தவர்களுக்குப் 'போத்தார்' என்று பெயர். ஆங்கிலேய அதிகாரிகள் அவர்களைக் 'கஞ்சா டாக்டர்' என்று எழுதினார்கள். பாதி கிண்டல், பாதி வியப்பு. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் மகரந்தம் பட்டால் பெண் பூ விதை பிடித்துவிடும், பிசின் குறைந்துவிடும், விலை இறங்கிவிடும். ஆகவே ஆண் செடி மலர்வதற்கு முன்பே அதை இனம்கண்டு பிடுங்கவேண்டும். கணுவில் குண்டூசித் தலையளவு அரும்பு கட்டும் நேரத்தில், வயல் முழுவதையும் நடந்து பார்த்து, இது நிற்கட்டும், இது போகட்டும் என்று சொல்லும் கண் அவர்களுடையது. கூலிக்குச் செய்த வேலை. இன்று வட அமெரிக்க நகரங்களில் விதையில்லாத கஞ்சா உயர்ந்த விலைக்குப் போகிறது. அதன் பின்னாலிருக்கும் நுட்பத்தின் அடிப்படை இந்தப் போத்தார்களின் வயல்நடையில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அறிக்கை எழுதியவர்களின் பெயர் மட்டும் கிடைத்திருக்கிறது.

இங்கே அரசு எப்படி நுழைகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் நவ்காவில் லைசென்ஸ் முறை வலுப்பட்டது. பயிரிட அனுமதி, நிலத்துக்கு அளவு, விளைச்சலுக்கு மதிப்பீடு, அறுத்ததைக் கொண்டுபோய் வைக்க அரசுப் பார்வையில் கிடங்கு, அங்கிருந்து வெளியே போக வரி. நாற்றங்காலில் அடர்ந்து நிற்கும் செடியை எண்ண முடியாது. வயலில் வரிசையாக நட்ட செடியை எண்ணலாம். ஆகவே செடி வெளியே வரும் தருணம்தான் அது அரசின் கணக்குக்குள் வரும் தருணமாகவும் ஆகிறது. கண்காணிப்பு பற்றிப் பேசும்போது நாம் சிறை, பள்ளி, மருத்துவமனை என்று ஃபூக்கோ காட்டிய கட்டடங்களையே சுற்றிச்சுற்றி வருகிறோம். திறந்த வயலும் அப்படியொரு கட்டடமாகலாம் என்பதற்கு நவ்காவ் நல்ல உதாரணம்.

3

1893 மார்ச் 2ஆம் தேதி, பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையில் மதுவிலக்கு இயக்கக்காரரான டபிள்யூ. எஸ். கெய்ன் கேட்ட கேள்வியிலிருந்து இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு பிறந்தது. தலைவர் மேக்வொர்த் யங். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள்: தாஹிர்பூர் ராஜா சசிசேகரேஸ்வர் ராய், கன்வர் ஹர்னாம் சிங், லாலா நிஹால் சந்த். 1,193 பேரிடம் சாட்சியம் பெற்றார்கள். சாட்சிகளில் அதிகாரிகளும் மருத்துவர்களுமே அதிகம். 1894இல் அறிக்கை வந்தது. முழுத் தடை தேவையும் இல்லை, உசிதமும் இல்லை என்பது முடிவு. ராயும் நிஹால் சந்தும் மாறுபட்டு எழுதினார்கள்.

கஞ்சாவை ஆதரிப்பவர்கள் இந்த அறிக்கையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 'வெள்ளைக்காரனே சொல்லிட்டான்' என்கிற தொனி. இந்தக் கொண்டாட்டம் அறிக்கையைப் பாதிதான் படித்திருக்கிறது.

படித்தே ஆகவேண்டிய ஒரு பகுதி மனநலக் காப்பகங்களைப் பற்றியது. கஞ்சா பைத்தியம் பிடிக்கவைக்கும் என்பதற்கு ஆதாரமாகக் காப்பகப் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் காட்டப்பட்டு வந்தது. குழு 1892ஆம் ஆண்டின் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தது. மொத்தம் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைகள் என்று எழுதப்பட்டிருந்தது. விசாரித்தபோது 98 பேருக்குத்தான் அப்படிச் சொல்ல ஏதோவொரு முகாந்திரம் இருந்தது. அதிலும் கஞ்சா மட்டுமே காரணம் என்று கொள்ளக்கூடியவர்கள் 61 பேர். மற்றவர்கள் எப்படிக் கணக்கில் வந்தார்கள்? ஆளைக் காப்பகத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு விவரத்தாள் பூர்த்தி செய்யவேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். கொண்டுவந்த போலீஸ்காரருக்குக் காரணம் தெரியாது. கட்டம் காலியாக இருக்கக்கூடாது. ஆள் ஏழை, அலைந்து திரிகிறவன், ஒருவேளை சாமியார். எழுது, கஞ்சா. காப்பக மருத்துவர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினார். பதிவேடு புள்ளிவிவரமானது. புள்ளிவிவரம் நாடாளுமன்றத்தில் கேள்வியானது. இந்தச் சங்கிலியை ஜேம்ஸ் மில்ஸ் 2003இல் வந்த 'கன்னாபிஸ் பிரிட்டானிக்கா' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 'கஞ்சாக்காரன்' என்ற ஆள் அந்தக் கட்டத்திலிருந்துதான் பிறந்தான்.

அறிக்கையின் மறுபாதி சாகுபடியைப் பற்றியது. சென்னை மாகாணத்தில் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில் ஒன்றிரண்டு செடி என்று பரவலாக இருந்ததைக் குழு பதிவுசெய்தது. 'சிவமூலி', 'கோரக்கர் மூலி' என்று சித்த வைத்தியத்தில் பெயருள்ள செடி கொல்லையில் இருந்ததில் ஆச்சரியமில்லை. தடை வேண்டாம் என்று சொன்ன அதே குழு, சாகுபடியைச் சில இடங்களுக்குள் குவித்து, லைசென்ஸும் கிடங்கும் வரியுமாக வங்க மாதிரியை மற்ற மாகாணங்களுக்கும் விரிக்கவேண்டும் என்றது. அதன்பின் சென்னை மாகாணத்தில் இரண்டே இடம் நின்றது. குண்டூர்ப் பக்கம் சந்தராவூர், வட ஆர்க்காட்டில் ஜவ்வாது மலை. கிடங்குகள் தக்குபாட்டிலும் வேலூரிலும்.

இந்த ஜவ்வாது மலை கிருஷ்ணகிரிக்குத் தூரமில்லை. ஊத்தங்கரையைத் தாண்டித் திருப்பத்தூர் போனால் கண்ணெதிரே நிற்கும். ஆக, மலையாளிப் பழங்குடிகள் மலைமேல் பயிரிட்டால் அது சர்க்கார் வருமானம். கீழே சமவெளியில் ஒரு கிழவி கொல்லையில் வைத்திருந்தால் அது வரி ஏய்ப்பு. செடியை வீட்டிலிருந்து வெளியே இழுத்து, அரசு குறித்த வயலில் நிறுத்தியதுதான் 1894இன் தாராளவாதம். மருந்தாக, பழக்கமாக, கோயில் வாசல் பிரசாதமாக வீட்டோடு இருந்த ஒன்றுக்கு வீடு இல்லாமல் போனது. தடைச்சட்டம் வருவதற்கு வெகுமுன்பே இது நடந்துவிட்டது.

4

இனி ஓசூருக்கு வருவோம். இந்த ஊர் எப்போதுமே எல்லையில் கிடந்த ஊர். 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனபோது ஓசூர்ப் பகுதி திப்புவிடமே இருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் இதுவும் போனது. பின்னர் சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி மாவட்டம். 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்குகிற ஊருக்கு எல்லை என்பது ஜூஜூவாடியில் நிற்கும் சாவடிதான். இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொன்று.

இந்த எல்லை மிகக் கூர்மையாக எழும்பிய நாள் 1937 அக்டோபர் 1. ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் அமல்படுத்திய நாள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. சென்னை மதுவிலக்குச் சட்டம் என்றால் நமக்குக் கள்ளும் சாராயமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. கள்ளிறக்கும் சாதிகள் வேலையிழந்தது பற்றியும், தார்மிகச் சீர்திருத்தம் பற்றியும் விவாதங்கள் உண்டு. ஆனால் சட்டத்தின் வாசகம் 'மதுவும் போதை மருந்துகளும்' என்று சேர்த்தே பேசுகிறது. கஞ்சாச் செடியின் இலை, தண்டு, பூத்த முனை எல்லாம் அதன் வரையறைக்குள் வந்தன. நாடு முழுவதற்குமான தடை 1985இல் வருவதற்கு 48 ஆண்டுகள் முன்பே இந்த மண்ணில் அது குற்றமாகிவிட்டது. ஜூஜூவாடிக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். அங்கே சென்னைச் சட்டம் செல்லாது.

வேடிக்கை என்னவென்றால், இலை விஷயத்தில் இன்றும் இந்தக் கோடு அழியவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் கஞ்சா என்பதைப் பூத்த, காய்த்த முனை என்றே வரையறுக்கிறது. முனை சேராத இலையையும் விதையையும் அது விட்டுவிடுகிறது. ஆகவே உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதி பெற்ற கடையில் பாங்கு விற்கலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டுச் சட்டம் இலையையும் சேர்த்தே பிடிக்கிறது. சிவராத்திரிக்கு காசியில் பக்தி, ஓசூரில் வழக்கு. ஒற்றைத் தேசம், ஒற்றைப் பண்பாடு என்று முழங்குகிறவர்கள் இந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிக்கலாம்.

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1961இன் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கையில் மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த இந்தியா ஒத்துக்கொண்டிருந்தது. கெடு நெருங்கியது. 1985 ஆகஸ்ட் 23 அன்று மசோதா மக்களவையில் அறிமுகமானது. செப்டம்பர் 16 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 24 நாட்கள். தக்காளி நாற்று தட்டிலிருந்து வெளியேறும் காலம்கூட இல்லை. காலனிய அரசு 1,193 பேரை உட்காரவைத்துக் கேட்டது, தன் வருமானத்துக்காகத்தான் என்றாலும் கேட்டது. சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம் ஒரு விவசாயியையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. எல்லைக்கு அப்பால் நவ்காவிலும் 1987இல் சாகுபடி நிறுத்தப்பட்டது. 1917இல் தொடங்கிய கஞ்சா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்திய ஊர் அது.

நடைமுறையில் இந்தச் சட்டம் நமக்கு அறிமுகமானது வயலில் அல்ல, காவல்நிலையத்தில். "ரொம்பப் பேசுனே, கஞ்சா கேஸ் போட்டுருவேன்." இந்த வாக்கியத்தைக் கேட்காத தொழிற்சங்கக்காரர், தலித் இயக்கத் தோழர், நடைபாதைக் கடைக்காரர் தமிழகத்தில் யாராவது இருக்கிறார்களா? 1989இல் வந்த திருத்தம் ஐந்தாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களுக்கு ஜாமீனை ஏறக்குறைய எட்டாக்கனியாக்கியது. 2001இல்தான் அந்தக் கண்டிப்பு வணிக அளவுக்கும் வேறு சில பிரிவுகளுக்கும் என்று சுருங்கியது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்று தரம்பிரித்தார்கள். இதற்குமேல் 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்திலும் போதைப்பொருள் குற்றவாளி என்றொரு வகை உண்டு. 1892இல் காப்பக விவரத்தாளில் இருந்த காலிக் கட்டத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாதபோது கஞ்சா என்று எழுதினார்கள். இப்போது காரணம் சொல்லமுடியாதபோது கஞ்சா என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு ஆள் பைத்தியம், இன்றைக்கு ஆள் குற்றவாளி. கட்டம் மாறவில்லை.

உண்மையான கஞ்சா எங்கிருந்து வருகிறது? தமிழகத்துக்கு வருவதில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவதாகவே போலீஸ் செய்திகள் சொல்கின்றன. அங்கே மண்ணில் கைவைக்கிறவர்கள் ஆதிவாசிகள், லாபத்தில் கைவைக்கிறவர்கள் மலையில் இருப்பதில்லை. ஜவ்வாது மலையின் பழைய கதைக்கு இது புதிய பதிப்பு. முன்னே லைசென்ஸ்காரன் இருந்தான், இப்போது இடைத்தரகன் இருக்கிறான்.

5

இந்த வரலாற்றில் 'உள்ளே' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அதற்கு ஆழ்ந்த வடக்கே போகவேண்டும்.

ஓசூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகைக்குள் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உறைபனி கிடையாது. கனடாவின் ஒட்டாவாவில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஏழு மணி நேரம். மே மாதம்வரை உறைபனிப் பயம். அக்டோபரில் மறுபடியும் உறைபனி. நடுவில் கிடைப்பது நான்கைந்து மாதம். ஆகவே அங்கே கஞ்சா வளர்ப்பவர்கள் வசந்தத்தில் வீட்டுக்குள் விளக்கொளியில் நாற்றை வளர்த்து, பனி விலகியதும் சில நாள் நிழலில் பழக்கி, பிறகு தோட்டத்தில் நடுகிறார்கள். உள்ளே விளக்கு தந்த நீண்ட பகலுக்கும் வெளியே சூரியன் தரும் பகலுக்கும் இடைவெளி அதிகமானால், செடி ஏமாந்து காலத்துக்கு முன்னே பூத்துவிடும். இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். நவ்காவ் விவசாயிக்கு மழை வைத்த அதே கணக்கை அங்கே பனி வைக்கிறது. மேட்டுநில நாற்றங்காலின் இடத்தில் விளக்கு எரியும் அறை. காலத்தை முன்கூட்டியே வாங்கிவைக்கும் தந்திரம் ஒன்றுதான்.

ஆனால் செடி அந்த அறைக்குள் போனதற்குப் பனி மட்டும் காரணமில்லை. 1983இல் கலிபோர்னியாவில் கஞ்சாத் தோட்டங்களை ஹெலிகாப்டரில் தேடி அழிக்கும் இயக்கம் தொடங்கியது. கலிபோர்னியாவில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? ஆனாலும் மேலிருந்து பார்ப்பவனுக்குப் பயந்து செடி நிலவறைக்கும் கொட்டகைக்கும் போனது. சூரியனுக்குப் பதில் மின்விளக்கு. போலீஸின் கண்தான் அங்கே பருவநிலையாக இருந்தது. காலனிய அரசு எண்ணுவதற்காகச் செடியை வெளியே இழுத்தது. தடை அரசு அழிப்பதற்காகத் தேடியதால் செடி உள்ளே ஒளிந்தது. 'வீட்டுக்குள் வளர்ப்பு' என்று இன்று நவீனத் தோட்டக்கலையாகப் பேசப்படுவதில் பாதி தலைமறைவு வாழ்க்கையின் மிச்சம்.

2018 அக்டோபர் 17 அன்று கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. வீட்டுக்கு நான்கு செடி. செடி மறுபடி வெயிலுக்கு வந்தது. எல்லோருக்கும் வரவில்லை. கியூபெக் மாகாணம் வீட்டுச் செடியைத் தடை செய்தது, அது செல்லும் என்று 2023 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுக் கடையில் வாங்கலாம், சொந்தமாக வளர்க்கக்கூடாது. 1894ஐ நினைவூட்டுகிறதா இல்லையா? அரசு சகித்துக்கொள்ளாதது போதையை என்பதைவிட, கணக்கில் வராத கொல்லையை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் காற்று மாறுகிறது. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காவது பட்டியலிலிருந்து நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. ஆதரித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நார், விதை போன்ற தொழில் தேவைகளுக்காகச் சாகுபடியை அனுமதிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலேயே இடமுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு உத்தராகண்ட் 2018இல் சணல்வகைக் கஞ்சாவுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியது. நிபந்தனை, போதை தரும் வேதிப்பொருள் 0.3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். இந்த 0.3 எங்கிருந்து வந்தது? 1970களில் கனடாவின் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால், செடிகளை வகைப்படுத்துவதற்காக ஒரு வசதிக்குப் போட்ட கோடு. ஒட்டாவாவின் குறுகிய கோடைக்குப் பழகிய ஒரு கோடு, இமயமலைச் சரிவில் தலைமுறை தலைமுறையாகச் செடி வைத்திருப்பவர் விவசாயியா குற்றவாளியா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த மலைச்செடி தானாக வளரும்போது 0.3க்குள் அடங்கி நிற்பதில்லை. ஆகவே விதை கம்பெனியிடமிருந்து வரவேண்டும். பரிசோதனைக்கூடம் வேண்டும். வேலி வேண்டும், முதலீடு வேண்டும். போத்தாரின் பேரன் இந்தக் கதவு வழியாக நுழையமுடியாது. அவன் வயலில் கூலியாக நிற்கலாம்.

6

காலனிய ஆவணங்களை எதிர்த்திசையில் படிக்கவேண்டும் என்று ரணஜித் குஹா நமக்குச் சொல்லிக்கொடுத்தார். கலகம் என்று அவர்கள் எழுதிய இடத்தில் விவசாயியின் உணர்வைத் தேடுவது. கஞ்சா ஆவணங்களில் தேடவேண்டியது கலகத்தை அல்ல, வேலையை. மேட்டுநிலத்தைத் தேர்ந்த கை, அரும்பைப் படித்த கண், பகல் குறுகுவதை உடம்பில் உணர்ந்த காலக்கணக்கு. இவை வரி அறிக்கையின் ஓரத்தில் கிடக்கின்றன. கஞ்சாவை நாம் போதை என்ற ஒரே சொல்லாடலுக்குள் வைத்துப் பேசும்வரை, ஒழுக்கவாதியும் கொண்டாட்டக்காரரும் சேர்ந்தே அந்த வேலையை மறைக்கிறார்கள். ஒருவருக்கு அது விஷம், மற்றவருக்கு அது விடுதலை. நாற்று நட்டவர் இருவர் கண்ணிலும் படுவதில்லை.

நாளைக்கே சட்டம் தளரலாம். அன்று கேட்கவேண்டிய கேள்விகளை இன்றே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. லைசென்ஸ் யாருக்கு? ஜவ்வாது மலையில் வேலூர்க் கிடங்குக்காகப் பயிரிட்டவர்களின் வாரிசுகளுக்கு அதில் இடமுண்டா? ஏற்கனவே 'கஞ்சா கேஸ்' சுமந்து நிற்பவர்களின் வழக்குகள் என்ன ஆகும்? பசுமைக்குடில் போடக் காசுள்ளவர்தான் பயிரிடலாம் என்றால், தடையில் சிறைக்குப் போனவர் ஒருவர், அனுமதியில் லாபம் பார்ப்பவர் வேறொருவர் என்றாகும்.

நாற்றங்காலைவிட்டுக் கிளம்பும்போது சாயங்காலம். தட்டுகளை ஒரு மினி லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனேகல் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறது என்றார்கள். மாநில எல்லையைத் தாண்டித்தான் போகவேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் சாவடியும் கிடையாது. போலீஸ் சோதனை உண்டு, ஆனால் தக்காளி நாற்றை யார் நிறுத்தப் போகிறார்கள்? அந்த அம்மா கடைசித் தட்டை ஏற்றிவிட்டு, வண்டிக்காரரிடம் மூன்று தரம் சொன்னார்: "தார்ப்பாயை இறுக்கிக் கட்டிறாதப்பா. காத்து பட்டுக்கிட்டே போவட்டும்."